மேடைக்கென்றே பிறந்த உருண்டை முதுகு

உருண்டை முதுகுள்ள எலக்ட்ரோ-அகூஸ்டிக் கிட்டாரை (ஆம்ப்பில் இணைத்தும் வாசிக்கக்கூடிய அகூஸ்டிக் கிட்டார்) வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நின்று வாசிப்பீர்களா, உட்கார்ந்தா? இந்த வகைக் கிட்டார் ஒன்றைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். அதன் நிறைகுறைகளில் பாதி இந்தக் கேள்வியிலேயே அடங்கிவிடும்.

சாதாரணக் கிட்டாரின் தட்டையான முதுகு வயிற்றோடு படிந்து நிற்கும். இதில் உடம்பில் படுவது வீணைக் குடம் போன்ற வழவழப்பான வளைவு மட்டும்தான். கையைத் தளர்த்தினால் கிட்டார் மெல்ல உருண்டு, முகப்பு மேலே பார்க்கத் தொடங்குகிறது. அதைத் தடுக்க இடது கை தானாகவே கழுத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பார் கார்டுகளாகக் கொஞ்ச நேரம் வாசித்தால் கட்டைவிரலின் அடிச்சதை கடுக்கும். உட்கார்ந்திருக்கும்போதும் தோள்வாரை (ஸ்டிராப்) மாட்டிக்கொள்வதுதான் இதற்கு நான் கண்ட நிரந்தரத் தீர்வு.

ஹெலிகாப்டர் பொறியாளரான சார்லஸ் கேமன் 1960களில் தொடங்கிய ஒவேஷன் நிறுவனம்தான் இந்த வடிவத்தைப் பரவலாக்கியது. முதுகும் பக்கங்களும் தனித்தனிப் பலகைகளாக இல்லாமல், கண்ணாடி இழையும் பிசினும் கலந்து வார்த்த ஒரே கிண்ணமாக இருக்கும். மூலைகளும் கிடையாது, உள்ளே முதுகைத் தாங்கும் சட்டங்களும் கிடையாது. ஆனால் ஆம்ப் இல்லாமல் வாசிக்கும்போது, நல்ல மர முதுகு தரும் கதகதப்பு என் காதுக்கு இதில் கிடைப்பதில்லை. ஒலி தெளிவாக, சற்றுக் கறாராக வருகிறது. கிண்ணத்தின் ஆழம் குறையக் குறைய அடிநாதம் மெலிகிறது. ஆழம் கூடினால் அடிநாதம் கிடைக்கும், ஆனால் கிட்டார் உடம்பைவிட்டு விலகி நிற்கும், வலது தோள் உயர்ந்துகொள்ளும்.

ஆம்ப்புக்குப் போகும் கேபிளின் ஜாக்கைச் செருகி எழுந்து நின்றால் கதையே வேறு. கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையான சேடிலுக்கு அடியில் இருக்கும் பியேசோ பிக்கப் (அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் உணரி) கம்பியின் அதிர்வை நேரடியாக எடுக்கிறது. விறைப்பான கிண்ணம் மெல்லிய மர முதுகைப் போலக் கூடவே அதிர்வதில்லை. டிரம்ஸுக்குப் பக்கத்தில், மானிட்டர் ஸ்பீக்கர் முகத்துக்கு நேராக இருந்தாலும் ஃபீட்பேக் (ஸ்பீக்கர் ஒலியைக் கிட்டார் மீண்டும் எடுத்து எழும் ஊளை) எளிதில் கிளம்புவதில்லை. இந்த ஒன்றுக்காகவே இதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. வளைவு விலாவில் பொருந்துவதால், நின்று வாசிக்கையில் முதுகின் கூர்விளிம்பும் குத்துவதில்லை. ஓங்கி ஸ்டிரம் செய்யும்போது பியேசோவுக்கே உரிய பிளாஸ்டிக் வாடை ஒலியில் எட்டிப்பார்க்கும். கிட்டாருக்குள்ளேயே இருக்கும் சிறு ஒலிச்சீராக்கியான பிரிஆம்பில் நடு அலைவரிசையைக் குறைத்தால் பெரிதும் அடங்கிவிடும். வாசித்து முடித்ததும் ஜாக்கை உருவிவிடுங்கள். செருகியே இருந்தால் பிரிஆம்ப் விழித்திருந்து 9 வோல்ட் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும்.

பிளாஸ்டிக் முதுகுதானே, எந்தச் சூழலையும் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். கிண்ணம் தாங்கும், முகப்பு தாங்காது. பெரும்பாலான மாடல்களில் முகப்பு மரம்தான். காற்று வறண்டால் மரம் சுருங்கும், கிண்ணம் அசையாது, இழுபறியில் பலகை வெடிக்கும். என் கிட்டாரில், முகப்பில் கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குக் கீழே மர வரியையொட்டி முடி போன்ற ஒரு கோடு விழுந்திருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அது நீளாமலிருக்கக் கிட்டார் கேஸுக்குள் ஈரப்பதமூட்டி வைத்திருக்கிறேன், 45 முதல் 55 சதவீதம் வரை என் கணக்கு. முகப்பில் ஒலி வெளிவரும் ஒரே பெரிய துளைக்குப் பதிலாகச் சிறு துளைகள் பல உள்ள மாடல்களில் பழுது பார்ப்பவரின் கை உள்ளே போகாது. சிலவற்றில் அதற்கென்றே முதுகில் கழற்றக்கூடிய வட்ட மூடி இருக்கும். கிண்ணமே உடைந்தால் மரவேலைக்காரரைவிடக் கண்ணாடி இழை வேலை தெரிந்தவரிடம் போவது நல்லது.

சுவரில் சாய்த்து வைக்கவே கூடாது, வழுக்கி விழும். கேஸும் இந்த வடிவத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்.

பழையது வாங்குகிறீர்கள் என்றால் துளைகளைச் சுற்றியும், முகப்பும் கிண்ணமும் சேரும் விளிம்பிலும் வெளிச்சம் பாய்ச்சிப் பாருங்கள். பிறகு சேடிலின் உயரத்தைப் பாருங்கள்: அது ஏற்கெனவே அடிமட்டத்தில் இருந்து, அப்படியும் கம்பிகள் ஃபிரெட்டை (கழுத்தின் உலோகக் கோடுகளை) விட்டு உயரமாக நின்றால் கழுத்தின் கோணம் மாறியிருக்கலாம். அதை வாங்காதீர்கள். மேடைக்கு என்றால் நடுத்தர ஆழமுள்ள கிண்ணத்தையே நான் எடுப்பேன். வீட்டில் உட்கார்ந்து வாசிக்க மட்டும் என்றால் மர முதுகுள்ள கிட்டாரையே வாங்கச் சொல்வேன்.