பிளானிலிருந்து அறைவாரியாக டிராயிங் வரைந்து தருவதாகச் சொல்லி ரூ.14,500 வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்

நேற்று மாலைதான் முழு விவரமும் தெரிந்தது. ஆத்திரம் அடங்குவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். கட்டட பிளானை வெளியாளிடம் கொடுத்து அறை அறையாக டிராயிங் வாங்குகிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

சேலத்தில் சிறிய அளவில் உள்அலங்கார வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். என்னிடம் வேலை பார்த்த டிராஃப்ட்ஸ்மேன் வளைகுடாவுக்குப் போய்விட்டதால், 1,200 சதுர அடி வீடு ஒன்றுக்கு ஒன்பது அறை டிராயிங்குகள் அவசரமாகத் தேவைப்பட்டபோது, தனியாட்களையும் வேலை கொடுப்பவர்களையும் இணைத்துவிடும் ஓர் இணையதளத்தை நாடினேன். அங்கே கிடைத்த இளைஞர் அறைக்கு ரூ.1,500, பிளானைச் சரிசெய்ய ரூ.1,000 என்று மொத்தம் ரூ.14,500 கேட்டார். பணத்தை முதலிலேயே கட்ட வேண்டும், நாம் ஒப்புதல் பொத்தானை அழுத்தினால்தான் அது அவருக்குப் போகும் என்பது அந்தத் தளத்தின் விதி. அந்த விதியே எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

நான் நம்பியது எந்த இடத்தில் என்பதைச் சொல்ல வேண்டும். வீடியோ அழைப்பில் தன் திரையைக் காட்டி, வேறொரு வீட்டின் பிளானை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் திறந்தார். வரையும் பகுதியான மாடலில் ஒரே பிளான். அதைத் தொடாமல், அச்சுத் தாளை அமைக்கும் லேஅவுட்டுக்குப் போய், ஒரு படுக்கையறையைச் சுற்றி வியூபோர்ட் (மாடலில் உள்ள பிளானைத் தாளில் காட்டும் சன்னல்) போட்டு, 1:25 ஸ்கேல் கொடுத்து, அது மாறாதபடி பூட்டி, அந்த வியூபோர்ட்டில் மட்டும் கட்டில், மேசை வரைந்த லேயர்களை (அடுக்குகளை) உறையவைத்து மறைத்துக் காட்டினார். "அக்கா, பிளான்ல ஒரு சுவர நகர்த்துனா ஒம்போது ஷீட்டும் தானா மாறிடும், நீங்க கவலையே படாதீங்க" என்றார். அறை டிராயிங் வேலையின் உயிரே அதுதான். அது தெரிந்தவரிடம் கொடுக்கிறோம் என்று நிம்மதியாகப் பணத்தைக் கட்டினேன்.

ஐந்தாம் நாள் இரவு பத்தரை மணிக்கு ஒன்பது பிடிஎஃப்கள் வந்தன. பார்க்க மிக அழகாக இருந்தன. மாதக் கடைசி, வீட்டு வாடகை கட்ட வேண்டும், ஒப்புதல் மட்டும் கொடுத்துவிடுங்கள், ஆட்டோகேடின் மூலக் கோப்புகளான டிடபிள்யூஜிகளைக் காலையில் அனுப்புகிறேன் என்று கெஞ்சினார். இரக்கப்பட்டு அழுத்திவிட்டேன். அந்த ஒரு நொடியில் ரூ.14,500 என் கையை விட்டுப் போனது.

பூச்சு வேலை முடியாததால் அந்த வீட்டில் நேரில் அளவெடுக்க வழியில்லை. எனவே ஆசாரி டிராயிங்கில் இருந்த 3050 மில்லிமீட்டரை வைத்தே, சுவருக்குச் சுவர் வரும் வார்ட்ரோபை நான்கு பெட்டிகளாகப் பட்டறையில் செய்து முடித்தார். நேற்று கொண்டுபோய் நிறுத்தியபோது நான்காவது பெட்டி உள்ளே போகவில்லை. டேப் போட்டுப் பார்த்தால் 2911தான் இருந்தது. ஐந்தரை அங்குலம் குறைவு. ஏ3 தாளில் எடுத்திருந்த பிரிண்டின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். 1:25 ஸ்கேலில் 3050 என்றால் தாளில் 122 மில்லிமீட்டர் வர வேண்டும். 117-ஐச் சற்றே தாண்டியதோடு கோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு அவர் அனுப்பியிருந்த டிடபிள்யூஜி கோப்பைத் திறந்து, அந்த டைமென்ஷனை, அதாவது அளவுக் குறிப்பைச் சொடுக்கிப் பார்த்தபோது உண்மையான அளவு 2935 என்று இருக்க, மேலே கையால் 3050 என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. என்ஜினீயர் பிளானில் இருந்தது சுவரின் நடுவிலிருந்து நடுவுக்கு எடுத்த சென்டர் லைன் அளவு. நாலரை அங்குலச் சுவருக்கு 115-ஐக் கழித்து, இரு பக்கப் பூச்சுக்கும் 12, 12 கழித்தால்தான் அறைக்குள் கிடைக்கும் அளவு வரும். அதைக் கணக்கிடாமல் எண்ணை மட்டும் பார்த்து எழுதியிருக்கிறார். வியூபோர்ட் ஒன்றுகூட இல்லை. பிளானைத் துண்டு துண்டாக நகலெடுத்து, ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத ஒன்பது கோப்புகளாக ஒட்டியிருக்கிறார். குளியலறைச் சுவரைப் பிளானில் நகர்த்தினால் பக்கத்து அறையின் ஷீட்டில் அது பழைய இடத்திலேயே நிற்கிறது.

கேட்டதற்கு முதலில் உங்கள் மென்பொருள்தான் பழைய பதிப்பு என்றார். பிறகு ஆசாரி கோப்பைத் தொட்டிருப்பார் என்றார். கணினியையே தொடாத மனிதர் அவர். கடைசியாக, நேரில் அளப்பது உங்கள் பொறுப்பு என்று ஒரு வரி அனுப்பினார், அதன் பின் அவருடைய முகப்புப் படமே எனக்குத் தெரியவில்லை. தளத்துக்கு நேற்றிரவிலிருந்து மூன்று முறை எழுதிவிட்டேன். ஒப்புதல் கொடுத்து 72 மணி நேரம் கடந்துவிட்டதால் ரூ.14,500-ஐத் திருப்பித் தர இயலாது என்று மூன்று முறையும் எழுத்து மாறாத ஒரே பதில் வந்தது. வேலையே செய்யாமல் செய்ததுபோலக் காட்டியவரைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. லேமினேட் ஒட்டி எட்ஜ் பேண்ட் போட்ட கதவுகளைத் திரும்ப அறுக்க ஆகும் ரூ.11,000 தனி.

விரிவாக எழுத இப்போது நேரமில்லை, ஆசாரி பட்டறையில் காத்திருக்கிறார். பிடிஎஃப்பை மட்டும் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். டிடபிள்யூஜியைத் திறந்து லேஅவுட்டில் வியூபோர்ட் இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நான்கைந்து டைமென்ஷன்களைச் சொடுக்கி, எழுதிய எண்ணும் அளந்த எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பிளானில் ஒரு சுவரை நகர்த்தி ஷீட் மாறுகிறதா என்று சோதியுங்கள். சென்டர் லைன் அளவா, பூச்சுக்குப் பிந்தைய அளவா என்பதை எழுத்தில் வாங்குங்கள். இரவு பத்தரை மணிக்கு யார் கெஞ்சினாலும் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள்.