இங்க் காயறதுக்குள்ள 24 பக்கம்: ஒரு பிரஷ் பென் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், பேனா நல்ல பேனா. இங்க்தான் நம்ம ஊர் காத்துக்கு ஒத்து வரல.

பாண்டி நேரு வீதி பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில வாங்குனது, ஜப்பான் பிரஷ் பென், ஆயிரத்துக்கு பக்கத்துல ஆச்சு. ஸ்கெட்ச் பென் மாதிரி ஃபெல்ட் முனை கெடையாது, நெசமாவே நைலான் முடி வச்ச பிரஷ், பின்னாடி இங்க் கார்ட்ரிட்ஜ் மாட்டிக்கலாம். வாங்குனதே 24 மணி நேர காமிக்ஸுக்குத்தான். தெரியாதவங்களுக்காக: 1990ல ஸ்காட் மெக்ளவுட்னு ஒரு அமெரிக்க காமிக்ஸ்காரர் ஆரம்பிச்சு வச்சது, 24 மணி நேரத்துல 24 பக்கம், கதைய முன்னாடியே ரெடி பண்ணி வச்சுக்கக் கூடாது. அவரோட ஃப்ரெண்டு ஸ்டீவ் பிஸ்ஸெட் சும்மா ஸ்கெட்ச் போட்டா செம ஸ்பீடு, காமிக்ஸ்னு உக்காந்தா மட்டும் இழுத்துக்கிட்டே போவாராம், அவரை உசுப்பேத்தத்தான் இந்த சேலஞ்சே. எனக்கும் அதே வியாதி, என்ன, அவரு கை மட்டும் இல்ல.

சனிக்கிழமை காலைல 6 மணிக்கு கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல உக்காந்தேன். பக்கத்துக்கு ஒரு மணி நேரம், சாப்பாடு டீ எல்லாம் அதுக்குள்ளயே. கதை, சில்வர் பீச்ல செருப்பைத் தொலைச்சவன் ஒருத்தன். மொத மூணு பக்கம் ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுது, அதுக்கு பேனாதான் காரணம், மெல்லிசா வேணும்னா தொட்டும் தொடாம இழுக்கணும், தடிசா வேணும்னா அமுக்கணும், அலை முழுசும் ஒரே இழுப்பு, மெல்லிசுக்கு ஒண்ணு கறுப்பு ரொப்ப ஒண்ணுன்னு பேனா மாத்திட்டே இருக்க வேணாம்.

நாலாவது பக்கத்துல விழுந்துச்சு அடி. நான் பீச்சாங்கை. இடப்பக்கத்துலேருந்து பேனல், அதாவது படக் கட்டம், ஒண்ணொண்ணா போட்டுட்டுப் போனா உள்ளங்கை பின்னாடியே வந்து தொடைக்குது. அது போதாதுன்னு ராத்திரி வானத்துக்கு கறுப்பு ரொப்பிட்டு, காஞ்சிருக்கும்னு நம்பி பென்சில் கோட்டை ரப்பர் வச்சு தேச்சேன் பாருங்க, ஹீரோவுக்கு தாடி மொளச்சிடுச்சு. வழவழ பேப்பர் இங்க்கை உள்ள இழுக்காது, மேலயே நிக்கும், கடல் காத்து ஈரத்துல அது காயறதுக்குள்ள நமக்கு பொறுமை போயிடும். கையால செஞ்ச காகிதத்துலயும் போட்டுப் பாத்தேன், சட்டுனு காயுது, ஆனா கோடு பிசிறடிக்குது.

கடைசில கொடி கட்டினேன். ஒரு பக்கம் இங்க் பண்ணி துணி கிளிப் போட்டு தொங்க விட்டுட்டு அடுத்த பக்கத்துக்கு பென்சில், ரெண்டு பக்கம் தள்ளித்தான் ரப்பரையே தொடறது, அதோட வலப்பக்க பேனல்லேருந்து ஆரம்பிக்கறது. அம்மா காபியோட வந்து பாத்துட்டு, "என்னடா, கருவாடு மாதிரி காயப் போட்டிருக்க"ன்னுட்டு போயிட்டாங்க. சும்மா சொல்லக் கூடாது, அதுக்கப்புறம்தான் நெஜ வேகமே வந்துச்சு, காயற நேரம் என் நேரத்துல சேரல.

ராத்திரி 2 மணிக்கு கார்ட்ரிட்ஜ் காலி. கடைக்காரர் "எக்ஸ்ட்ரா ஒரு பாக்கெட் வாங்கிக்கங்க தம்பி"ன்னு அப்பவே சொன்னாரு, நான்தான் கேக்கல, மாத்திப் போட மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு. கறுப்பு ரொப்பறது இங்க்கை அப்படி குடிக்குது. அதுக்கு மேல என் கதையில பொழுது சாயவே இல்ல.

காலைல 6 மணிக்கு 21 பக்கம். 24 பக்கம் முடியலன்னா ரெண்டு வழி, நீல் கெய்மன், கெவின் ஈஸ்ட்மன்னு ரெண்டு காமிக்ஸ்காரங்க பேர்ல: நேரம் முடிஞ்சதும் நிறுத்திட்டா கெய்மன் முறை, 24 பக்கமும் முடியற வரைக்கும் வரைஞ்சா ஈஸ்ட்மன் முறை. நான் ஈஸ்ட்மன் கட்சி, ஒன்பதேகால் ஆச்சு. காமெடி என்னன்னா கடிகாரம் பாக்காம வரைஞ்ச அந்த மூணு பக்கம்தான் இருக்கறதுலயே மோசம், 22ல ஒரே மூஞ்சிய நாலு தடவை திருத்தி பேப்பரே நைஞ்சு போச்சு.

5க்கு 4 குடுப்பேன். கார்ட்ரிட்ஜ் கூடுதலா வாங்குங்க, துணி கிளிப் ஒரு டஜன் வாங்குங்க. சோத்தாங்கைக்காரங்க நாலரைன்னு வச்சுக்கங்க.