ரீகாவா, தொழிலாளர் திட்டமா? பெரியவர் ஒருவருக்காகப் போட்ட கணக்கு

லாஸ் வேகாஸில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய். யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜில் பிறந்து வளர்ந்தவர். 1953 மே 19 அன்று நெவாடாவில் வெடித்த ‘ஹாரி’ அணுகுண்டின் சாம்பல் காற்றோடு வந்து விழுந்த ஊர் அது. வளர்ந்த பின் அதே நெவாடா சோதனைத் தளத்தில், நிலத்தடிச் சோதனைகளுக்கான சுரங்கப்பாதை தோண்டும் வேலையில் சேர்ந்தார். அதனால் அமெரிக்க அரசின் இரண்டு இழப்பீட்டுச் சட்டங்களின் கீழும் அவர் வருகிறார். ஆனால் புற்றுநோய்க்கு இரண்டிலும் வாங்க முடியாது, ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். காகிதங்களைச் சேர்த்துக் கொடுத்தது நான் என்பதால், எதை, ஏன் எடுத்தோம் என்று எழுதிவைக்கிறேன்.

முதலாவது, கதிர்வீச்சுப் பாதிப்பு இழப்பீட்டுச் சட்டம். எல்லாரும் ‘ரீகா’ என்பார்கள். 1990-இல் வந்தது, நீதித்துறை நடத்துகிறது. சாம்பல் விழுந்த ஊர்க்காரர்களுக்கு முன்பு 50,000 டாலர். 2024 ஜூனில் காலாவதியாகி, ஓராண்டு கழித்து 2025 ஜூலையில் உயிர்பெற்றபோது 1,00,000 டாலரானது. 1951-க்கும் 1962-க்கும் இடையில் ஓராண்டு அங்கே இருந்ததையும், பட்டியலில் உள்ள புற்றுநோய் வந்திருப்பதையும் காட்டினால் போதும். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியது என்று யாரும் கேட்பதில்லை. இது மிகப் பெரிய கருணை.

இரண்டாவது, 2000-இல் வந்த அணுசக்தித் தொழிலாளர் இழப்பீட்டுத் திட்டம். தொழிலாளர் துறை நடத்துவது, 1,50,000 டாலர். கூடுதலாக 50,000 கிடைப்பதால் இதை எடுத்தோம் என்று நினைக்க வேண்டாம். முடிவை மாற்றியது மருத்துவச் செலவுதான்.

ரீகா பணம் ஒரே தடவை வருவது. அதோடு கணக்கு முடிந்தது. தொழிலாளர் திட்டத்தில், ஏற்றுக்கொள்ளப்பட்ட நோய்க்கான சிகிச்சையை ஆயுள் முழுக்க அரசே பார்த்துக்கொள்கிறது. மருத்துவமனை, மருந்து, ஸ்கேன் எல்லாம் அதில் அடங்கும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்கே செவிலியர் வருவார், ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பயணச் செலவும் உண்டு. சிகிச்சையின் விளைவாக வேறொரு கோளாறு வந்தால், அந்தத் தொடர்பை மருத்துவர் காட்டும் பட்சத்தில் அதையும் சேர்க்கலாம். பெரியவருக்கு இது வெறும் கணக்கு அல்ல. கீமோவுக்குப் பிறகு கால் மரத்துப்போய்த் தனியாகக் குளிக்கக்கூட முடியாத மனிதர். பகலில் ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும். அந்தச் செலவைக் கையிலிருந்து கொடுத்தால் லட்சம் டாலர் எத்தனை நாளைக்கு வரும்?

இன்னொன்று, இந்த மருத்துவப் பலன் விண்ணப்பித்த தேதியிலிருந்து கணக்காகிறது. எல்லாக் காகிதமும் கைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் முதலில் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

தொழிலாளர் திட்டத்தில் ஒரு பெரிய சிக்கலும் உண்டு. பொதுவாக வேலை செய்த காலத்தில் வாங்கிய கதிர்வீச்சை மதிப்பிட்டு, நோய்க்கு அதுவே காரணமாக இருக்கும் வாய்ப்பு 50 சதவீதமாவது இருந்தால்தான் தருவார்கள். பழைய பதிவுகளை வைத்துப் போடும் இந்தக் கணக்கில் நிறையப் பேர் விழுந்துவிடுகிறார்கள். ஆனால் 1951 முதல் 1992 வரை நெவாடா தளத்தில் 250 நாள் வேலை பார்த்து, குறிப்பிட்ட 22 புற்றுநோய்களில் ஒன்று வந்தவர்களுக்கு இந்த மதிப்பீடே கிடையாது. பெரியவர் அந்த வகையில் வந்துவிட்டார். 250 நாள் தேறவில்லை என்றால் நான் ரீகாவைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன்.

பாதிக்கப்பட்டவர் இறந்துபோய் வாரிசுகள் கேட்கும்போது மருத்துவப் பலனுக்கு அர்த்தமில்லை. அப்போது எதை நிரூபிப்பது சுலபம் என்று பார்த்தாலே போதும். யுரேனியம் சுரங்கத் தொழிலாளிகளுக்கு இந்தத் தேர்வே தேவையில்லை: ரீகாவில் 1,00,000, தொழிலாளர் திட்டத்தில் மேலும் 50,000, கூடவே மருத்துவம். நான் கிட்ட இருந்து பார்த்தது இந்த ஒரு குடும்பத்தை மட்டுமே, அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

பெரியவருக்கு ஒரே ஒரு குறை. ரீகா சட்டத்தின் வாசகத்திலேயே தேசத்தின் சார்பில் காங்கிரஸ் மன்னிப்புக் கேட்கிறது. “அந்த மன்னிப்பு எனக்கும் சேர்த்துத்தானே?” என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன்.

அவருடைய அக்கா இன்னும் செயின்ட் ஜார்ஜில்தான் இருக்கிறார். அவருக்கு மார்பகப் புற்றுநோய். தளத்தில் வேலை பார்த்ததில்லை, ஆகவே ரீகா ஒன்றே வழி. 2027 டிசம்பர் 31-க்குள் விண்ணப்பித்தாக வேண்டும். இப்போது அவருடைய பள்ளிக்கூடப் பதிவையும் தேவாலயப் பதிவையும் தேடிக்கொண்டிருக்கிறோம்.