சான் மரீனோவா, லீக்டன்ஸ்டைனா?

ஐரோப்பாவின் குட்டி நாடுகள் என்றதும் வாடிகனும் மொனாக்கோவும்தான் முதலில் பேச்சில் வரும். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஜோடி சான் மரீனோவும் லீக்டன்ஸ்டைனும்தான். முன்னது 61 சதுர கிலோமீட்டர், நாலாபுறமும் இத்தாலி. பின்னது 160 சதுர கிலோமீட்டர், சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே. முன்னதில் சுமார் 34,000 பேர், பின்னதில் ஏறக்குறைய 40,000 பேர். இரண்டிலும் விமான நிலையம் கிடையாது. ஆட்சி என்று வந்தால் மட்டும் இரண்டும் இரு துருவங்கள்.

மரீனுஸ் என்ற கல்தச்சர் 301ஆம் ஆண்டில் டைட்டானோ மலையில் குடியேறி ஊரை உண்டாக்கினார் என்பது சான் மரீனோவின் மரபுக் கதை. அதை விட்டுவிட்டாலும், 1243 முதல் அங்கே இரண்டு பேர் சேர்ந்து நாட்டுத் தலைமை வகிக்கிறார்கள். பதவிக்காலம் ஆறே மாதம். இறங்கியவர் மூன்று வருடத்துக்கு மறுபடி அந்தப் பதவிக்கு வர முடியாது. இதில் என்னை மிகவும் கவர்வது அப்புறம் நடப்பதுதான். பதவி முடிந்ததும் மூன்று நாள் அவகாசம். ஆட்சியில் இருந்தபோது தப்பு செய்தார்கள் என்று நினைக்கும் குடிமக்கள் புகார் தரலாம், முகாந்திரம் இருந்தால் விசாரணை நடக்கும். பெரிய குடியரசுகளிலும் இப்படி ஓர் ஏற்பாட்டைப் பார்ப்பது அரிது.

லீக்டன்ஸ்டைன் நேர் எதிர். ஒரே குடும்பம் 1699லும் 1712லும் இரண்டு பகுதிகளை விலைக்கு வாங்கி, 1719ல் தனிச் சிற்றரசாக அங்கீகாரம் பெற்றது. அந்தக் குடும்பத்தின் இளவரசர் அங்கேயே நிரந்தரமாகக் குடிவந்தது 1938ல்தான். 2003ல் தன் அதிகாரத்தைக் கூட்டக் கேட்டார் இளவரசர் ஹான்ஸ்-ஆடம். இல்லையென்றால் வியன்னாவுக்குப் போய்விடுவேன் என்றார். அதற்கான அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மக்கள் சரி என்று வாக்களித்தார்கள். அரசைக் கலைக்கவும், சட்டத்தைத் தடுக்கவும் இளவரசரால் முடியும். நியாயமாகச் சொன்னால், நாட்டின் 11 ஊராட்சிகளுக்கும் பிரிந்து போகும் உரிமையைத் தந்ததும் அதே திருத்தம்தான். ஆனாலும் பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்க 1984 வரை ஆனது என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பணத்தில் போட்டியே இல்லை, லீக்டன்ஸ்டைன்தான். ஹில்டி போன்ற தொழிற்சாலைகள் இருக்கின்றன. வேலை செய்பவர்களில் பாதிக்கு மேல் தினமும் எல்லை தாண்டி வருபவர்கள். நாணயம் சுவிஸ் ஃபிராங்க். சான் மரீனோவில் யூரோ.

போர்க்காலத்தில் இரண்டுமே தலைநிமிர்ந்து நின்றன. 1945ல், ஜெர்மனி பக்கம் போரிட்ட சுமார் 500 ரஷ்யர்கள் உள்ளே வந்தபோது, அவர்களை வலுக்கட்டாயமாக சோவியத்திடம் ஒப்படைக்க லீக்டன்ஸ்டைன் மறுத்தது. சான் மரீனோ செய்தது இன்னும் பெரிது. 1944ல், சுமார் 15,000 பேர் வாழ்ந்த நாடு ஏறக்குறைய 1 லட்சம் அகதிகளுக்கு இடம் கொடுத்தது. பக்கத்து இத்தாலிய நகரமான ரிமினியிலிருந்து வரும் ரயில் பாதையின் சுரங்கங்களுக்குள் குடும்பம் குடும்பமாக மக்கள் தங்கினார்கள். இதே நாடுதான் 1797ல், எல்லையை விரிவாக்கித் தருகிறேன் என்று நெப்போலியன் ஆள் அனுப்பியபோது, பின்னாளில் அதுவே பகையை வரவழைக்கும் என்று வேண்டாம் என்றது.

போய்ப் பார்க்க ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் சான் மரீனோ. லீக்டன்ஸ்டைனின் வாடூஸ் கோட்டை இளவரசர் குடும்பம் வாழும் வீடு, உள்ளே அனுமதி இல்லை, வெளியே நின்று பார்க்கலாம். டைட்டானோ மலையில் குவைட்டா கோட்டைக்கே ஏறிப் போகலாம். ரிமினியிலிருந்து பஸ்ஸில் சுமார் ஒரு மணி நேரம், எல்லையில் சோதனை கிடையாது. ஏப்ரல் 1 அல்லது அக்டோபர் 1 அன்று போக முடிந்தால் இன்னும் நல்லது: புதிய தலைவர்கள் இருவரும் பதவியேற்பது அந்த நாட்களில்தான்.