ஒரே புல்லை இரண்டு தடவை விரித்த கதை: கோத்தகிரியில் நாய்களுக்குச் செயற்கைப் புல்

முதலில் மதிப்பெண். புல்லுக்கு 5க்கு 4. அதைக் கொண்டுவந்து விரித்த கோயம்புத்தூர் கம்பெனியின் தரை வேலைக்கு 5க்கு 1, அதுவும் பையன்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள் என்பதற்காக. அதே புல்லை உரித்து எடுத்து, அடித்தரையைப் புதிதாகப் போட்டுக் கொடுத்த எங்கள் ஊர் மேஸ்திரிக்கு 5க்கு 5. கம்பெனி பெயரைப் போடவில்லை. பிறகு நான் விசாரித்த மூன்று இடங்களிலும் ஏறக்குறைய அதே மாதிரிதான் தரை போடுவோம் என்றார்கள், அதனால் ஒருவரை மட்டும் திட்டிப் பயனில்லை.

வீட்டுக்குப் பின்னால் 18க்கு 14 அடி முற்றம். சுற்றிக் கம்பி வேலி, சரிவுப் பக்கம் ஒரு தடுப்புச் சுவர், அதற்குக் கீழே தேயிலை. நாய்கள் இரண்டு: 32 கிலோ லாப்ரடார் ராஜா, தெருவிலிருந்து தூக்கி வந்த மிளகு. இருட்டினால் சிறுத்தையும் கரடியும் நடமாடும் ஊர் இது, நாயை வெளியே அவிழ்த்துவிட முடியாது. ஆக இரண்டும் காலை முதல் இரவு வரை எல்லாவற்றையும் அந்த 252 சதுர அடிக்குள்தான் முடிக்க வேண்டும். முன்பு அங்கே கிக்குயூ புல் இருந்தது. வேலி போடும் முன் காட்டுப்பன்றி புழு தேடி உழுதது பாதி, வேலி போட்ட பின் மிளகு தோண்டியது மீதி, மழை வந்தால் வீடு முழுக்கச் செம்மண் பாதங்கள். சரி, செயற்கைப் புல் போடுவோம் என்று முடிவு செய்தேன்.

சதுர அடி 95 ரூபாய், விரிப்பதும் சேர்த்து. மொத்தம் 23,940. ஆகஸ்டில் நான்கு பேர் வந்தார்கள், கிக்குயூவைச் செதுக்கி எறிந்தார்கள், செம்மண் மேல் ஓரங்குலத்துக்குக் கிரஷர் தூள், அதாவது ஜல்லி உடைக்கும்போது வரும் கல்தூள் கொட்டி ஒரு உருளையால் உருட்டினார்கள், அதன் மேல் கறுப்பு நிறக் களைத்தடுப்பு விரிப்பு, அதன் மேல் புல், புல்லின் இழைகளுக்கு நடுவே மணல். சுவரோரம் புல் தூக்காமல் இருக்க ஒரு சிமெண்ட் கட்டு. மதியம் மூன்று மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரை ஊற்றிக் காட்டினார்கள், சட்டென்று உள்ளே போனது, நானும் அசந்துபோய் மீதிப் பணத்தைக் கொடுத்தேன். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் இரண்டாம் வாரம் பிடித்தது, ஒரு வாரத்தில் முற்றம் மெத்தை மாதிரி அமுங்க ஆரம்பித்தது. ராஜா நடந்தால் காலடியில் சேறு கலந்த தண்ணீர் பிதுங்கும். தீபாவளிக்கு வந்த அத்தை சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து, "ஏன்டா, பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடிவந்துட்டியா?" என்று கேட்டார். அவ்வளவு நெடி.

கம்பெனிக்குப் போன் செய்தேன். வாசனை லிக்விட் ஒன்று இருக்கிறது, ஐந்து லிட்டர் கேன், அனுப்பட்டுமா என்றார்கள். புல்லோடு தந்த அட்டையில் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு தண்ணீர் வடியும் என்று பெரிய எண் போட்டிருக்கிறதே என்றேன். அது புல்லுக்கு சார், மண்ணுக்கு நாங்கள் என்ன செய்வது என்றார் அந்தத் தம்பி. கோபம் வந்தாலும் அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்த எண் புல்லின் முதுகில் இருக்கும் ஓட்டைகளுக்கு மட்டும் சோதித்த கணக்கு. ஓட்டைக்குக் கீழே களிமண் இருந்தால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மீதிப் பாதி உண்மை என்னவென்றால், மண்ணுக்கு என்ன செய்வது என்பதைச் சொல்லத்தான் அவர்களுக்கு நான் பணம் கொடுத்தேன்.

ஜனவரியில் மழை விட்டதும் மேஸ்திரி அண்ணன் வந்தார். தடுப்புச் சுவர் கட்டுவதில்தான் அவருக்குப் பெயர். புல் வேலை செய்ததே இல்லை. புல்லின் ஒரு மூலையைத் தூக்கினார், கறுப்பு விரிப்பைத் தொட்டுப் பார்த்தார், வழுவழுவென்று நாய் முடியும் சேறும் அப்பிக் கிடந்தது. அப்புறம் புல்லை விட்டுவிட்டு நேராகச் சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கிப் போய் நின்றார்.

"தம்பி, சுவத்துல தண்ணி வர்ற ஓட்டை நாலு இருக்கு, ஒண்ணுலயும் ஈரமே இல்லையே. மேல இவ்வளவு தண்ணி நிக்குது. அப்ப எல்லாம் சுவத்துக்குப் பின்னாலதான் நிக்குது."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2009 நவம்பர் மழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்குச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் நிற்பது என்றால் என்னவென்று தெரியும். கம்பெனிக்காரர்கள் போட்ட சிமெண்ட் கட்டு மேலே ஓடும் தண்ணீரை மறித்துவிட்டது, கிரஷர் தூள் தண்ணீரோடு இறங்கி ஓட்டைகளின் வாயை அடைத்துவிட்டது. நாற்றத்துக்குக் கூப்பிட்ட மனிதர் சுவரைக் காப்பாற்றினார்.

மூன்று நாள் வேலை. இங்கே ஜேசிபி ஓட்ட வேண்டுமென்றால் கலெக்டர் அனுமதி வாங்க வேண்டும், இந்தச் சின்ன இடத்துக்கு அதெல்லாம் தேவையும் இல்லை. இரண்டு பேர் கடப்பாரை, மண்வெட்டியோடு ஐந்தரை அங்குலம் எடுத்தார்கள். தோண்டிய தரையிலேயே வாட்டம் பிடித்தார்: வீட்டுச் சுவரிலிருந்து வெளியே 14 அடிக்கு 3 அங்குலம் இறக்கம், நூல் கட்டி, தண்ணீர் நிரப்பிய ட்யூப் லெவல் வைத்து. மேலே ஜல்லியில் வாட்டம் கொடுத்தால் போதாதா என்று நான் ஒரு மேதாவிக் கேள்வி கேட்டேன். தண்ணி ஜல்லியில நிக்காது, கீழ மண்ணுலதான் ஓடும், அங்க வாட்டம் இல்லாம மேல இருந்து என்ன பண்ண என்றார். இதைத்தான் கம்பெனியில் ஒருவரும் யோசிக்கவில்லை. செம்மண் ஈரத்தில் அடைத்துக்கொள்ளும், சிறுநீர் அதற்குள் இறங்காது, அதன் மேல்தான் ஓடியாக வேண்டும்.

வாட்டம் முடிகிற இடத்தில், சுவருக்கு இரண்டடி முன்னாலேயே ஒரு வாய்க்கால் வெட்டி, ஓட்டை போட்ட குழாய் வைத்து, தண்ணீரைப் பக்கவாட்டில் மழைநீர்க் கால்வாய்க்குக் கொண்டுபோனார். சுவர்ப் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது என்பது அவர் கணக்கு. சுவர் ஓட்டைகளைக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்ததற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

மண் மேல் ரோட்டு வேலைக்குப் போடும் வெள்ளைக் கம்பளி மாதிரியான ஜியோ டெக்ஸ்டைல் துணி. இது ஜல்லிக்கு அடியில் போக வேண்டும், இல்லாவிட்டால் சேறு மேலே ஏறி ஜல்லியை அடைத்துவிடும். கம்பெனிக்காரர்கள் செய்ததுபோல் புல்லுக்கு அடியிலேயே ஒரு துணியைப் போட்டால், முடியும் கழிவும் அங்கேயே தங்கி நாறும். துணி மேல் முக்கால் அங்குல ஜல்லி, 4 அங்குல உயரத்துக்கு, இரண்டு அடுக்காக, ஒவ்வொரு அடுக்கையும் பேவர் பிளாக் போடுகிறவர்களிடம் வாடகைக்கு எடுத்த கம்பாக்டரால் அதிரவைத்து. அதன் மேல் ஓரங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சிப்ஸ் எனும் பொடி ஜல்லி. தூள் கலக்காத ஜல்லியாக வேண்டும் என்று லாரிக்காரரிடம் இரண்டு தடவை சொல்லியும் முதல் லோடு தூளோடுதான் வந்தது, மேஸ்திரி அண்ணன் அதைச் சல்லடையில் சலிக்கவைத்தார். மேட்டுப்பாளையம் பக்கமிருந்து குஞ்சப்பனை வழியாக ஏறி வரும் ஜல்லிக்கு லாரி வாடகையே கண்ணைக் கட்டும், திருப்பி அனுப்பவும் மனம் வரவில்லை.

புல்லை விரிக்கும் முன் வெறும் ஜல்லி மேல் நானே பத்துக் குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடிப்போய்க் குழாயின் மறுமுனையில் நின்றேன். ஒரு நிமிடத்துக்குள் வந்தது. இந்தச் சோதனையைச் செய்து காட்டாத ஆளுக்கு முழுப் பணம் கொடுக்காதீர்கள். பாட்டில் தண்ணீர் கணக்கில் வராது.

இழைகளுக்கு நடுவே இந்தத் தடவை மணல் இல்லை, ஜியோலைட். இறால் பண்ணைக் குளங்களில் அம்மோனியாவைக் குறைக்கப் போடுகிற அதே கனிமம்தான். சிறுநீரில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் உடைக்கும்போது வருவதுதான் அந்த நெடி, அதை இது ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். மணல் சிறுநீரை ஈரமாகச் சுமந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். குருணையாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், பண்ணைக்கு விற்கும் பொடி இதற்கு ஆகாது. 25 கிலோ மூட்டை ஐந்து போனது. ஒன்று சொல்ல வேண்டும், தரை சரியில்லாத இடத்தில் ஜியோலைட் கொட்டியும் பயனில்லை. தண்ணீர் ஓடினால்தான் அது கழுவப்படும்.

செலவு: ஜல்லி, சிப்ஸ், லாரி வாடகை 9,500. துணி 2,500. குழாய் 1,800. கூலி மூன்று பேருக்கு மூன்று நாள் 8,100. கம்பாக்டர் வாடகை 1,500. ஜியோலைட் 4,500. பழைய புல்லைத் திரும்ப விரிக்க வேறு இருவர், சதுர அடிக்கு 12 ரூபாய். எல்லாம் சேர்த்து 31,000 பக்கம். அதாவது முதலில் புல் போட ஆனதைவிட அதைச் சரிசெய்ய ஆனது அதிகம். முதலிலேயே யாராவது இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் நானே அவரை ஏமாற்றுக்காரர் என்றுதான் நினைத்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஒரு முழு வடகிழக்குப் பருவமழை போய்விட்டது. அமுங்கல் இல்லை. நெடி, நாலைந்து நாள் மழையும் கழுவலும் இல்லாவிட்டால் கீழே குனிந்தால் லேசாக வரும், குழாய் பிடித்து அடித்தால் போய்விடும். சுவர் ஓட்டைகளில் மழைக்குப் பிறகு ஈரம் கசிகிறது, அதைப் பார்த்தால் ஒரு நிம்மதி.

குறைகளும் உண்டு. உரித்து விரித்ததில் நடு ஒட்டு சாயங்கால வெயிலில் கோடாகத் தெரிகிறது. பனிமூட்டம் நிற்கும் வடக்கு மூலையில் பாசி பிடிக்கிறது, மாதம் ஒரு முறை பிரஷ் போட வேண்டியிருக்கிறது. உச்சி வெயிலில் இந்த ஊரிலும் புல் சுடத்தான் செய்கிறது, ராஜா அந்த நேரம் திண்ணையை விட்டு இறங்குவதில்லை. பிளாஸ்டிக் பாட்டிலைக்கூடத் தடுத்து வைத்திருக்கும் மாவட்டத்தில் 252 சதுர அடி பிளாஸ்டிக்கைப் பரப்பி வைத்திருக்கிறேன் என்ற உறுத்தலும் இருக்கிறது. இழை உதிர்ந்து கால்வாய்க்குப் போகாமல் குழாய் வாயில் ஒரு வலை கட்டியிருக்கிறேன்.

மீந்த ஜல்லி கேட்டருகே ஒரு சின்னக் குவியலாகக் கிடக்கிறது. மிளகு இன்றுவரை புல்லில் படுக்கும், உருளும், ஆனால் காலைத் தூக்குவது அந்தக் குவியலில்தான்.