மொழி தெரிந்தவரா, வேலை புரிந்தவரா?

கடலூர் முதுநகர் மீன் ஏலக் கணக்குக்காகப் புதுச்சேரியில் சிறு குழுவாக மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். காலியான ஓர் இடத்துக்கு இருவர் வந்தார்கள். ஒருவருக்கு எங்கள் நிரல்மொழி தலைகீழ்ப் பாடம். மற்றவருக்கு அது அரைகுறைதான். ஆனால் எதையும் துருவித் துருவிக் கேட்பவர்.

முதலாமவரையே எடுத்தோம். நான்கே நாளில் திரை தயார், ஒரு பிழையும் இல்லை. ஏலம் விடும் அம்மா எட்டிப் பார்த்தார். "கிலோ எங்கேயிருந்து வந்தது தம்பி? நாங்கள் கூடைக்கல்லவா கேட்கிறோம்?" போதாக்குறைக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முழுவதையும் நிரல் 'விடுபட்ட பதிவு' என்று சிவப்பில் காட்டியது. அட்டவணைகளைப் பிரித்து மறுபடி எழுதியதில், வேகத்தால் மிச்சமான நாள்கள் எல்லாம் கரைந்தன.

மென்பொருள் வேலைக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று கணிக்க, அமெரிக்க மென்பொருள் அறிஞர் பேரி போம் 1981இல் வெளியிட்ட கோகோமோ மதிப்பீட்டு முறையில் இதற்குக் கணக்கே உண்டு. பகுப்பாய்வாளரின், அதாவது தேவை என்ன என்று ஆராய்பவரின், திறன் மிகக் குறைவென்றால் உழைப்பை 1.46ஆல் பெருக்க வேண்டும்; மிக அதிகமென்றால் 0.71ஆல். இரு மடங்கு வித்தியாசம்! நிரல்மொழி அனுபவத்துக்கோ 1.14 முதல் 0.95 வரைதான். பழைய எண்கள், ஆனாலும் எங்கள் கூடைக்குப் பொருந்துகின்றன.

தேவை தெளிவாக எழுதப்பட்ட வேலை என்றால் இன்றும் மொழி வல்லவரையே கூப்பிடுவேன்.

இரண்டாமவரைப் பிறகு அழைத்தோம். முதல் வாரம் ஒரு வரிகூட எழுதாமல், விடியற்காலை பஸ்ஸில் துறைமுகத்துக்குப் போய் வந்தார். எனக்கு எரிச்சல்தான். கூடையிலேயே பெரிது, சிறிது என்று இரண்டு அளவு இருப்பதை அவர்தான் வந்து சொன்னார்.