பெங்களூரு தமிழ்ச் சபைகளின் வட்டாரக் கூடுகை: ஒரு மதிப்புரை

பெங்களூரில் தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளுக்குக் குறைவில்லை. 1809-இல் பிரிட்டிஷ் படைக் குடியிருப்பான கன்டோன்மென்ட் உருவான காலத்தில் குடியேறியவர்களின் வழிவந்த சபைகளும், ஐடி வேலைக்கு வந்தவர்களால் நிரம்பிய புறநகர்ச் சபைகளும் இருந்தும், ஒரு சபையார் மற்றொரு சபையாரை முகமறிந்து பழகும் வாய்ப்பு அரிது. ஒயிட்ஃபீல்டு அருகே ஒரு தியான இல்லத்தில் நடந்த இக்கூடுகை அந்தக் குறையைப் பெருமளவு போக்கியது.

இடத்தேர்வு நன்று. தங்கவயலிலுள்ள மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில் ஒயிட்ஃபீல்டு வழியாக வருவதால் கோலார் தங்கவயல் சபையாரும் நேரத்தோடு வந்து சேர்ந்தனர்.

திருவிருந்து ஆராதனை தென்னிந்தியத் திருச்சபையின் முறைமைப்படி நடந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் 1947-இல் ஒன்றிணைந்து உருவான அத்திருச்சபையின் வழிபாட்டிலுள்ள சமாதான வாழ்த்தை அன்று அவசரமின்றிச் செய்தார்கள். வலக்கையோடு வலக்கை சேர்த்து, இடக்கையால் அதன்மேல் மூடி, ஒருவர் கூறிய சமாதானத்தை வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுக்க, அது முன்வரிசையிலிருந்து கடைசி பெஞ்சு வரை சென்றது. அறிமுகமில்லாதவர்கள் அதற்குப் பின் அந்நியராக இருக்கவில்லை.

ஐக்கியம் முழுமை பெற்றது பந்தியில்தான். எனக்கு எதிரே அமர்ந்த தங்கவயல் பெரியவர், 2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின் ஆண்களெல்லாம் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கியதால், வீட்டு ஜெபக்கூட்டத்தை இரவுக்கு மாற்றி இன்றுவரை காத்துவருவதைச் சொன்னார். பக்கத்திலிருந்த நாகர்கோவில் இளைஞர், "ஐயா, உங்க ஊர் சபைக்காக இப்பவே ஜெபிக்கலாமா?" என்று கேட்டு, இலையை மூடுமுன் ஜெபித்தார். உயிர்மீட்சி, அதாவது விசுவாசம் புத்துயிர் பெறுவது, என்று நாம் மேடையில் பேசுவது இதைத்தான் என்று நம்புகிறேன்.

குறைகளும் உண்டு. தேவசெய்திகள், அதாவது பிரசங்கங்கள், ஒன்றன்பின் ஒன்றாக நீண்டதால், பிற்பகல் குழு ஜெபத்திற்குக் கிடைத்த நேரம் மிகவும் சுருங்கிப்போனது. அப்போஸ்தலர் நடபடிகள் 2:42 ஆதித்திருச்சபையைப் பற்றிச் சொல்லும்போது உபதேசத்தோடு ஐக்கியத்தையும் அப்பம் பிட்குதலையும் ஜெபத்தையும் சேர்த்தே வைக்கிறது. இங்கே உபதேசம் மற்றவற்றின் நேரத்தை எடுத்துக்கொண்டது. பாடல் தாள்கள் தமிழ் எழுத்தில் மட்டுமே இருந்தன. வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் மட்டுமே எழுதப் படித்த பிள்ளைகள் கீர்த்தனை வேளையில் வாய்திறக்காமல் நின்றது மனதை வருத்தியது. அதே வரிகளைக் கன்னட, ஆங்கில எழுத்துகளிலும் அச்சிட்டுத் தருவது பெரிய செலவன்று.

சிறு சபைகளில் ஊழியம் செய்து சோர்ந்திருப்போர் தவறாமல் வரவேண்டிய கூடுகை இது. குடும்பமாக வருவோர் காலை ஆராதனைக்கே வந்துவிடுவது நல்லது. பிற்பகலில் வந்தால் செய்திகள் மட்டுமே கிடைக்கும்.